முதல் குட்டி யாருக்கு? நாட்டு நாய் வளர்ப்போர் சங்கங்களுக்கு ஒரு கடுவன்காரனின் மடல்

தென்மாவட்டங்களில் நாட்டு நாய் வளர்ப்போர் சங்கங்களை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

என் வீட்டு வாசலில் சிப்பிப்பாறை இனத்து ஆண் நாய் ஒன்று, அதாவது ஒரு கடுவன், நிற்கிறது. மயிலை நிறம். நல்ல உயரம், ஒட்டிய வயிறு, நெடிய முகம். கண்காட்சியில் பார்த்தவர்கள் போன் நம்பர் வாங்கிப் போவார்கள். நாலைந்து மாதம் கழித்து, "அண்ணே, நம்ம பெட்டை ஹீட்டுக்கு வந்திருக்கு, ஒரு கிராஸ் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்பார்கள். அவர்கள் பெட்டை நாய் சினைப்பருவத்துக்கு வந்திருக்கிறது, என் கடுவனோடு சேர்த்துவிட வேண்டும் என்று அர்த்தம். நானும் சரி என்பேன். எதையும் எழுதிக்கொண்டதில்லை. நம்மில் யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெட்டைக் குட்டியைப் பழைய துண்டில் சுற்றி பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுவந்தேன். குட்டிக்கு அன்று நாற்பதாம் நாள். அந்த ஈத்தில், அதாவது அந்தப் பிரசவத்தில், விழுந்ததே இரண்டு. ஒன்று மூன்றாம் நாளே போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றைத்தான் நான் தூக்கினேன். பேச்சு அப்படி. "கிராஸுக்குக் காசு வேண்டாம், முதல் பிக் எனக்கு" என்று நான் சொல்லியிருந்தேன். காசுக்குப் பதில், முதலில் ஒரு குட்டியை நான் தேர்ந்தெடுத்துக்கொள்வேன் என்பது பேச்சு. பெட்டைக்காரர் என் நெடுநாள் சிநேகிதர். "அதுக்கென்னண்ணே" என்றிருந்தார்.

அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார், ஆனால் வாசலுக்கு வரவில்லை. அவர் மனைவிதான் குட்டியை எடுத்துக் கொடுத்தார். "பேச்சுன்னா பேச்சுதானேண்ணே, கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தாய் நாய் மட்டும் பிள்ளையார் கோயில் முக்கு வரைக்கும் பைக் பின்னாலேயே ஓடி வந்தது. அதற்கு மேல் வேறு நாய்களின் எல்லை. வரமுடியாமல் அங்கேயே நின்றது. கண்ணாடியில் அது சின்னதாகிக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

அவர் பக்கத்துக் கணக்கைப் பிறகுதான் யோசித்தேன். அறுபத்து மூன்று நாள் சினைக்குத் தீனி, முட்டை, கறி, ஸ்கேன், டாக்டர் வீட்டுக்கு வந்து போன செலவு, குட்டி விழுந்த ராத்திரி கண்விழிப்பு. எல்லாம் முடிந்து அவர் கையில் நின்றது ஒன்றுமில்லை. என் செலவு? என் நாயை அரைமணி நேரம் நிற்கவைத்தது. பேச்சுப்படி நான் செய்தது சரி. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்கமாட்டேன்.

"முதல் பிக்" என்ற அந்த இரண்டு வார்த்தையை நம்ம ஊர்ப்பக்கம் தினமும் சொல்கிறோம். அதற்கு என்ன அர்த்தம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். பெட்டைக்காரர் தனக்கொன்று ஒதுக்கிக்கொண்ட பிறகு மிச்சத்தில் முதலா, மொத்தத்திலும் முதலா? எந்த நாளில் தேர்வு? இருபதாம் நாள் பார்த்துக் காதில் மை வைத்துவிட்டுப் போன குட்டி முப்பதாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து செத்தால், இன்னொன்றைக் கேட்கலாமா? தேர்ந்தெடுத்த குட்டியை "பிறகு வந்து எடுத்துக்கிறேன்" என்று ரெண்டு மாதம் அங்கேயே போட்டுவைத்தால் தீனியும் தடுப்பூசியும் யார் கணக்கு? விழுந்ததே ஒன்று என்றால்? இத்தனை கேள்வியையும் நாம் "பார்த்துக்கலாம்ணே" என்ற ஒற்றை வார்த்தையில் அமுக்கிவிடுகிறோம்.

"நாய்க்குப் போய்ப் பத்திரமா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. நானும் சிரித்தவன்தான். நம் அப்பன் பாட்டன் எல்லாம் வாயால் பேசித்தானே வாழ்ந்தார்கள் என்பார்கள். வாழ்ந்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஆட்டை வாரத்துக்கு விடுவதைப் பாருங்கள். பெட்டையாடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், விழும் குட்டியில் பாதிக்குப் பாதி. ஒற்றைக் குட்டி விழுந்தால் எப்படி, தாயாடு செத்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுத வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் ஊரே எழுதி வைத்த மாதிரி அது மனசில் இருந்தது.

நாய்க்கு அப்படி ஓர் ஊர்முறை இல்லை. கன்னி இன நாயை விற்கமாட்டார்கள், பெண் கல்யாணமாகிப் போகும்போது சீரோடு கொடுத்தனுப்புவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொந்தத்துக்குள் குட்டி கொடுத்து வாங்கிய காலம் அது. கடுவனுக்கு யாரும் கூலி கேட்டதில்லை. இன்று போட்டோ பார்த்து, முன்பின் தெரியாதவர் இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார். சொந்தக்காரர்களுக்குள் செல்லுபடியான வாய்ப்பேச்சை அந்நியர்களிடம் வைத்துக்கொண்டு, அது நிற்கவில்லையே என்று கோபப்படுகிறோம். அதிலும் வெள்ளாடு வருஷா வருஷம் ஒன்றிரண்டு போட்டுக்கொண்டே இருக்கும், இந்த முறை விட்டதை அடுத்த முறை பிடிக்கலாம். நாய் ஒரு ஈத்தில் ஒன்றும் போடும், பத்தும் போடும். ஒரே ஈத்தில் ஒரு குட்டி கண்காட்சித் தரமாகவும் மற்றொன்று வீட்டுக் காவலுக்கு மட்டும் ஆகிறதாகவும் இருக்கும். பாதிக்குப் பாதி என்று நிறுக்க இங்கே தராசு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் தம்பியிடம் உட்கார்ந்து கேட்டேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு என்றார். அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அர்த்தம் இன்னதென்று நிச்சயப்படுத்த முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறதாம். நம்முடைய "முதல் பிக்" அதில் போய் விழ எல்லா வாய்ப்பும் இருக்கிறது. 163-ஆம் பிரிவைப் படித்துக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் தன் பசுவை இன்னொருவர் பொறுப்பில் விட்டுப்போகிறார், அங்கே அது கன்று போடுகிறது, கன்றையும் பசுவோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் போட்டிருக்கிறார்கள். வேறு மாதிரிப் பேசியிருந்தால் தவிர, தாய் யாருடையதோ குட்டி அவருடையது. பெட்டையை வாரத்துக்கு வளர்க்கக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். "வேறு மாதிரிப் பேசியதை" காட்டக் கையில் காகிதம் இல்லையென்றால், ஒன்றரை வருஷம் சோறு போட்டு வளர்த்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

கடுவன்காரனாகிய எனக்கும் அதில் பாடம் உண்டு. என் நாயின் விந்து உள்ளே போனதால் குட்டியில் எனக்குத் தானாக ஒரு பங்கு வந்துவிடுவதில்லை. நான் செய்தது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி உண்டு. கூலியைப் பணமாக வாங்கலாம், குட்டியாகவும் வாங்கலாம். குட்டியாக வாங்குவதென்றால், இன்னும் பிறக்காத ஒன்றை விலை பேசுகிறேன் என்ற நினைப்போடு பேச வேண்டும். என்னைக் கேட்டால் பணமே மேல். காசை வாங்கிக்கொண்டு, பிடித்த குட்டியை அதே வீட்டில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு சின்ன வியாபாரத்தை ஒன்றாக முடிச்சுப் போடுவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. என்றாலும் குட்டி வாங்கும் வழக்கத்தை நாளைக்கே விட்டுவிடுவோம் என்று நான் நம்பவில்லை. ஆகையால் அதை ஒழுங்காகப் பேசுவோம்.

ஒழுங்காகப் பேசுவது என்றால் கிராஸ் போடும் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஹீட் ஏறத்தாழ மூன்று வாரம். ரத்தம் கண்ட முதல் நாளைப் பெட்டைக்காரர் சரியாகக் குறித்து வைத்திருக்க மாட்டார். "பத்து நாள் இருக்கும்ணே" என்று கொண்டுவருவார். ஒன்பதிலிருந்து பதினான்குக்குள் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், ஏழாம் நாளிலேயே கடுவனுக்கு இசைந்து நிற்கும் பெட்டையும் உண்டு, பதினெட்டில் நிற்கும் பெட்டையும் உண்டு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தால் நாள் ஓரளவு பிடிபடும். எடுக்காமல் வந்து, டையும் விழுந்து, அதாவது இரண்டு நாயும் பிரிய முடியாமல் இருபது நிமிஷம் கோத்துக்கொண்டு நின்று, கடைசியில் சினை பிடிக்காவிட்டால் அது யார் தப்பு? "உங்க கடுவன் சரியில்லை" என்பார் அவர். "உங்க நாள் கணக்கு சரியில்லை" என்பேன் நான். எத்தனை தடவை சேர்ப்பது, எத்தனை நாள் இடைவெளியில், இருபத்தெட்டு முப்பதாம் நாள் ஸ்கேனில் காலி என்று தெரிந்தால் வேறொரு ஹீட்டுக்கு இலவசமாகத் திரும்ப உண்டா, அதற்குள் கடுவன் செத்தோ விற்றோ போயிருந்தால் பணம் திரும்பவா, எவ்வளவு திரும்ப? இவ்வளவையும் நாய்கள் ஒன்றையொன்று மோந்து பார்ப்பதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். டை விழுந்த பிறகு பேச்சில் வலுக் குறைந்தவர் பெட்டைக்காரர்தான்.

இன்னொன்றும் அந்த வாரத்தைச் சேர்ந்தது. என் நாயோடு சேர்த்துவிட்டுப் போன பெட்டையை மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டால், தெருநாயும் சேரும். ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கும், நாயில் அது நடக்கிற காரியம். பிறகு கறுப்பாக ஒரு குட்டி விழுந்தால் என் கடுவன் ரத்தத்தில் கலப்பு என்று ஊருக்குள் பேச்சு. டி.என்.ஏ. எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் எடுக்கிறது யார் செலவு? ஹீட் முழுசும் இறங்கும் வரை பெட்டையைப் பூட்டி வைப்பேன் என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

நோய் விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன வருஷம் என் கடுவனின் குறியில் ரத்தச் சொட்டு. ஏதோ காயம் என்று பத்து நாள் விட்டுவிட்டேன். டாக்டர் குறியின் மேல்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது காலிபிளவர் மாதிரி ஒரு கட்டி. டி.வி.டி. என்றார், சேர்க்கையில் ஒட்டிக்கொள்ளும் பால்வினைக் கட்டி. வின்கிரிஸ்டின் ஊசி, வாரம் ஒன்று வீதம் ஐந்து வாரம் போட்டோம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்த அணு பார்க்க வேண்டும். என் நாய் அந்த ஐந்து வாரமும் சோற்றுத் தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கடைசியாக வந்த மூன்று பெட்டையில் எது கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. மூன்று வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், என் நாய்தான் அவர் பெட்டைக்குக் கொடுத்தது என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது பொய் என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? கிராஸுக்கு முன் எடுத்த ஒரு டாக்டர் சீட்டுகூட இல்லை.

புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்று அதைவிட மோசம். சினை கலையும், கடுவனுக்கு விதை வீங்கும், பிரசவம் பார்க்கிற நமக்கும் தொற்றும். இரண்டு பக்கமும் பரிசோதனைச் சீட்டைக் காட்டிய பிறகுதான் வாசலைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ராஜபாளையம் வளர்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தபால்தலையில் ஏறிய நாய் அது, 2005-இல் ராம்பூர், முதோல், இமயமலை ஆட்டு நாயோடு சேர்த்து நான்கு தபால்தலை போட்டார்கள். அந்தப் பால்வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் நமக்குப் பெருமை, அதுவே நமக்குத் தலைவலியும். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வரக்கூடும் என்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், விற்கும்போது மட்டும் மறந்துபோகும். கடுவன்காரர் ஆசையாக முதல் பிக் எடுத்துப் போன குட்டி செவிடு என்று மூன்றாம் மாதம் தெரிந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டுமா? குட்டிக்குக் காது திறப்பது இரண்டாம் வாரவாக்கில். ஆறாம் வாரத்துக்கு மேல், தூங்கும்போது தலைக்குப் பின்னால் பாலிதீன் பையைக் கசக்கிப் பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும். கை தட்டிப் பார்க்காதீர்கள், காற்று அசைவிலேயே திரும்பிவிடும். தேர்வு நாளன்று இருவரும் சேர்ந்து நின்று இதைப் பார்த்தோம் என்று ஒரு வரி இருக்கட்டும்.

தேர்வு நாள் என்றதும் நம்முடைய நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் வர வேண்டியிருக்கிறது. "45 நாள் குட்டி விற்பனைக்கு" என்று நாம் போடாத விளம்பரமா? 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, தொழிலாகச் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நான் அந்தக் குட்டியைத் தூக்கியது நாற்பதாம் நாள். விதி தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தாய் இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாலு நாள் பேதி. ராத்திரி பூராவும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதது.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு இனிச் சொல்ல வேண்டியது. கென்னல் கிளப்பில் ஈத்தைப் பதிய வேண்டுமென்றால் கடுவன்காரர் ஒப்புதல் வேண்டும். அந்தக் கையெழுத்தைச் சிலர் பிணைக்கைதி மாதிரி வைத்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "இன்னொரு குட்டி குடு, கையெழுத்துப் போடுறேன்" என்று கேட்கிறார்கள். இந்தப் பிடுங்கலில் குட்டிகள் பதிவில்லாமலே போகின்றன. அடுத்த தலைமுறையில் யாருக்கு யார் தகப்பன் என்று தெரியாமல் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவைக்கிறோம். பிரதமர் மோடி 2020 ஆகஸ்டில் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னதும் நாம் பட்டாசு வெடித்தோம். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தனி இனமாகப் பதிவாகியிருக்கின்றன. இனத்துக்குப் பதிவு இருக்கிறது, என் வாசலில் நிற்கிற நாயின் பாட்டன் யார் என்பதற்கு இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. சங்கம் ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், ஒரு படிவம் அச்சடிக்க வேண்டும். இரண்டு நாயின் பெயர், நிறம், மைக்ரோசிப் எண், தாய் தகப்பன் விவரம். டாக்டர் சீட்டின் தேதி. சேர்த்த தேதிகள். கூலி பணமா குட்டியா, பணமென்றால் எப்போது, குட்டியென்றால் எட்டு வாரத்துக்குப் பிறகு எந்தத் தேதிக்குள், எத்தனையாவது தேர்வு. உயிரோடு இரண்டுக்குக் குறைவாக நின்றால் குட்டி கிடையாது, அதற்குப் பதில் இவ்வளவு ரூபாய் அல்லது அடுத்த ஈத்து. காலியானால் என்ன என்பது. பதிவுக் கையெழுத்தை இத்தனை நாளுக்குள் போட வேண்டும், பாக்கி இருந்தால் அதைத் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டும், கையெழுத்தை நிறுத்தக் கூடாது. மூன்று பிரதி. ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். தகராறு வந்தால் மூன்று பேர் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும், அந்த மூன்று பேரில் ஒருவராவது பெட்டை மட்டும் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் கடுவன்காரர்கள். நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீல் செலவு, முத்திரைத்தாள் என்று பயப்படுத்துபவர்கள் கிளம்புவார்கள். கோர்ட்டுக்குப் போகவா இதைக் கேட்கிறோம்? எழுத உட்கார்ந்தாலே, வாயில் வராத கேள்வி பேனா முனையில் வந்துவிடும். "ஒண்ணுதான் விழுந்தா என்னண்ணே?" என்று அன்றைக்கு என் சிநேகிதர் கேட்டிருப்பார். நானும் "ஒண்ணுன்னா நீயே வச்சுக்க" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். குட்டி கண் திறக்காதபோது தாராளமாக இருப்பது லேசு. நாற்பதாம் நாள் அது என் செருப்பைக் கடித்துக்கொண்டு ஓடும்போதுதான் மனசு வராது.

அந்தப் பெட்டைக் குட்டிக்கு இப்போது மூன்று வயசு. தாயைப் போலவே செவலை. போன மாதம் ஹீட்டுக்கு வந்தபோது, முதல்முறையாகப் பெட்டைக்காரனாக நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. மதுரைப் பக்கம் ஒருவர் கடுவனைப் பேசி வைத்தேன். நானே கையால் ஒரு படிவம் எழுதி, அதை எடுத்துக்கொண்டு முதலில் போனது என் சிநேகிதர் வீட்டுக்கு. இந்த ஈத்தில் ஒரு குட்டி உங்களுக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த "முதல் குட்டி" என்பதை அடித்துவிட்டு, "மூன்றுக்கு மேல் இருந்தால் ஒன்று, எட்டு வாரம் கழித்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தின் நகலை இந்த மடலோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணல், அச்சடிக்கும்போது சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு கடுவன்காரன், இப்போது பெட்டைக்காரனும்